ஆட்டக்காரரின் எண்

2013-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டைப் பகுதியிலுள்ள ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில், உலகச் சதுரங்கச் சாம்பியன் பட்டத்துக்காக விசுவநாதன் ஆனந்தும் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சனும் எதிரெதிரே அமர்ந்தபோது, சொந்த ஊரில் ஆடுவது அனுகூலமா அல்லது பாரமா என்றும், நாற்பத்து மூன்று வயதின் அனுபவம் இருபத்திரண்டு வயதின் உடல் வலிமைக்கு ஈடுகொடுக்குமா என்றும், மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும் அபிப்பிராயங்கள் பலவாறாக உலவின. இவற்றில் எதையும் பொருட்படுத்தாத சாட்சி ஒன்றும் இருந்தது. அது, ஃபிடே என்னும் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு அந்த மாதம் வெளியிட்டிருந்த ரேட்டிங் பட்டியல். அதில் கார்ல்சனின் எண் 2870; ஆனந்தின் எண் 2775. தொண்ணூற்றைந்து புள்ளி வித்தியாசமுள்ள இருவர் பத்து ஆட்டங்கள் ஆடினால் மேலே இருப்பவர் சுமார் 6.3 புள்ளிகள் ஈட்டுவார் என்பது அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் கணிதத்தின் தீர்ப்பு. பன்னிரண்டு ஆட்டங்களுக்குத் திட்டமிடப்பட்ட போட்டி பத்தாவது ஆட்டத்தோடு முடிந்தது; மூன்று வெற்றியும் ஏழு டிராவுமாகக் கார்ல்சன் ஈட்டியவை 6.5 புள்ளிகள்.

இந்தப் பொருத்தத்தைக் கண்டு வியந்து, எண்ணுக்கு ஏதோ தீர்க்கதரிசனம் உண்டு என்று முடிவு கட்டிவிடுவது தவறாகும். 2024 நவம்பர்-டிசம்பரில் சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்காக 2783 ரேட்டிங் கொண்ட சென்னையின் குகேஷும் 2728 கொண்ட சீனத்தின் டிங் லிரனும் மோதியபோது, பதினான்கு ஆட்டங்களில் குகேஷுக்கு எட்டுப் புள்ளிகள் என்று அதே கணிதம் சொல்லியிருக்கும். ஆனால் பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் 6.5 என்று சமமாக நின்றார்கள், கடைசி ஆட்டத்தில் டிங் செய்த ஒரே பிழையே பட்டத்தை நிர்ணயித்தது. ஓர் ஆட்டத்தைப் பற்றி ரேட்டிங் உறுதியாக எதுவும் சொல்வதில்லை; பல ஆட்டங்களின் சராசரியைப் பற்றித்தான் அது வாய் திறக்கிறது. இந்த எளிய உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கணினியிலும் கைப்பேசியிலும் ஆடும் துப்பாக்கி ஆட்டங்களில், வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று படிப்படியாக ஏறியிறங்கும் தரவரிசைகளின் உள்ளமைப்பை விளங்கிக்கொள்ள முடியும். ஏனெனில் அவை யாவும் சதுரங்கத்தின் அந்தப் பழைய எண்ணின் வழித்தோன்றல்களே.

அந்த எண்ணை வகுத்தவர் அர்பாத் ஏலோ. ஹங்கேரியில் 1903-ல் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த பேராசிரியர்; நல்ல சதுரங்க ஆட்டக்காரரும்கூட. ஓர் ஆட்டக்காரரின் திறமையைத் தனியாக எடுத்து நிறுத்துப் பார்க்க வழியில்லை என்பதும், நம் கண்ணுக்குப் பிரத்தியட்சமாகக் கிடைப்பது யார் யாரை வென்றார் என்ற செய்தி ஒன்றே என்பதும் அவருடைய சிந்தனையின் தொடக்கம். ஆகவே அவர் இரண்டு எண்களின் வித்தியாசத்தை வெற்றி வாய்ப்பாக மாற்றும் ஒரு வளைவை வரைந்தார்: வித்தியாசம் பூஜ்யமானால் வாய்ப்பு சரிபாதி, இருநூறானால் மேலே இருப்பவருக்கு நூற்றுக்கு எழுபத்தாறு, நானூறானால் தொண்ணூறுக்கும் மேல். ஆட்டம் முடிந்தபின், எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை ஒரு குணகத்தால் பெருக்கி, அந்த அளவு எண் ஏறுகிறது அல்லது இறங்குகிறது. தன்னைவிட மிகவும் எளியவரை வென்றவருக்கு ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. வலியவரை வென்றவருக்குப் பெரும் லாபம். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு இதனை 1960-லும் ஃபிடே 1970-லும் ஏற்றுக்கொண்டன.

வீரத்துக்கோ உழைப்புக்கோ பரிசாக வழங்கப்படும் பொருளாக இந்த எண்ணை ஏலோ கருதவில்லை என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது ஒரு முன்கணிப்பு. அடுத்த ஆட்டத்தில் பிழையாகிவிட்டால் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் முன்கணிப்பு. மனிதர்களுக்கு ஸ்தானம் வகுக்கும் வேறு முறைகளும் இதே ஊரில் உண்டு. மார்கழிக் கச்சேரிகளில் மியூசிக் அகாடமியிலும் கிருஷ்ண கான சபையிலும் இளையவர்களுக்குப் பிற்பகலும், முதிர்ந்த வித்வான்களுக்கு மாலையின் பிரதான நேரமும் என்று ஒதுக்கப்படும்போது, அந்த ஒதுக்கீடே ஒரு தரவரிசையாகிவிடுகிறது. ஆனால் அது ரசிகர்களும் நிர்வாகிகளும் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு உருவாக்கிக்கொண்ட மதிப்பு, அதில் கௌரவம் கலந்திருக்கிறது, ஒருமுறை கிடைத்த இடம் எளிதில் பறிபோவதில்லை. ஏலோவின் எண்ணில் கௌரவத்துக்கு இடமில்லை. நேற்றைய மேதை இன்று தோற்றால் நேற்றைய மேதைமைக்காக அது ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்காது.

ஆயினும் எண் கிடைக்க வேண்டுமானால் எண் உள்ளவர்களோடு ஆட வேண்டும். இந்த நிபந்தனையின் கடுமையைச் சென்னை நன்கு அறியும். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஏரன், 1972-ல் ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையிலிருந்த சோவியத் கலாசார மையத்தில், முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். ரஷ்யப் புத்தகங்களும் பத்திரிகைகளும் அங்கே படிக்கக் கிடைத்தன; சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகிய இடங்களில் அது முக்கியமானது. ஆனால் அந்நாளில் ஃபிடேயின் பட்டியல் 2200 புள்ளிக்கு மேற்பட்டவர்களை மட்டுமே ஏற்றது. ரேட்டிங் உள்ள வெளிநாட்டார் வந்து ஆடும் பந்தயங்களோ இந்தியாவில் அபூர்வம். கழகத்தில் யார் வலியவர் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், உலகத்துக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் சர்வதேசப் பந்தயத்தில் வென்று 1988-ல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரான வரலாற்றில், அப்படியொரு பந்தயம் தமிழ்நாட்டிலேயே நடந்தது என்பதும் சிறிய விஷயமன்று.

1986 ஜூலை முதல் இந்தியர்களில் ஆனந்தே முதலிடம். முப்பத்தேழு ஆண்டுகள் அசையாதிருந்த அந்த இடம் 2023 செப்டம்பர் 1 அன்று வெளியான பட்டியலில் குகேஷுக்குச் சென்றது: குகேஷ் 2758, ஆனந்த் 2754. பத்திரிகைகள் இதை ஒரு யுகத்தின் முடிவாக எழுதின, அது இயல்பே. ஆனால் ஏலோவின் வளைவைக் கேட்டால், நான்கு புள்ளி வித்தியாசமுள்ள இருவர் ஆயிரம் ஆட்டங்கள் ஆடினால் ஒருவர் 506 புள்ளியும் மற்றவர் 494 புள்ளியும் பெறுவர் என்றுதான் சொல்லும். பட்டியலின் வரிசை இருவரைப் பிரித்துக் காட்டுகிறது. எண்ணோ இருவரும் சமம் என்கிறது. வரிசையையும் அளவையும் ஒன்றாக எண்ணிவிடும் மயக்கம் இங்கே தொடங்குகிறது, துப்பாக்கி ஆட்டங்களில் அது முழு வளர்ச்சி பெறுகிறது.

அதற்கு முன் இன்னொரு விஷயம். ரேட்டிங் என்பது ஒரு கூட்டத்துக்குள் மட்டும் பொருளுள்ளது. சென்னையில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிறார்கள். அவர்கள் திறமை மாதந்தோறும் வளர்கிறது, ஆனால் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க வேண்டிய கணக்கில் மொத்தக் கூட்டத்தின் எண் அந்த வளர்ச்சிக்கு ஈடாக உயர்வதில்லை. ஆகவே 1500 என்று பதிவான தி.நகர்ச் சிறுமி ஐரோப்பாவில் போய் 1700 என்று பதிவானவரை அநாயாசமாக வெல்கிறாள். இதைச் சரிக்கட்டவே சிறுவர்களுக்கு 2300 புள்ளி வரை குணகம் 40 என்றும், பெரியவர்களுக்கு 20 என்றும், 2400-ஐ ஒருமுறை தொட்டவர்களுக்கு 10 என்றும் ஃபிடே வைத்திருக்கிறது. மேற்சொன்ன ஆட்டத்தில் சிறுமிக்கு முப்பது புள்ளிகள் கூடும், தோற்ற பெரியவருக்குப் பதினைந்துதான் குறையும். இதுவும் போதாமல், பல ஆண்டுகளில் படிப்படியாக 1000 வரை இறக்கியிருந்த அடித்தளத்தை 2024 மார்ச் மாதத்தில் 1400-ஆக உயர்த்தி, 2000-க்குக் கீழே இருந்த ஒவ்வொருவருக்கும் 2000-க்கும் அவர் எண்ணுக்கும் உள்ள இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரே தடவையாகச் சேர்த்தார்கள். 1000 இருந்தவர் 1400 ஆனார். 1500 இருந்தவர் 1700 ஆனார். சூத்திரம் முன்கூட்டியே வெளியிடப்பட்டது. அடையாற்றிலுள்ள எந்தத் தகப்பனாரும் ஒரு காகிதத்தில் தம் மகளின் புதிய எண்ணைக் கணக்கிட்டுப் பார்த்திருக்க முடியும்.

இனித் துப்பாக்கி ஆட்டங்களுக்கு வருவோம். ஐவர் ஐவராக மோதும் கவுன்ட்டர்-ஸ்டிரைக், வாலரண்ட் போன்றவற்றிலும், நூறு பேர் ஒரு தீவில் இறங்கிக் கடைசிவரை உயிர்த்திருப்பவர் வெல்லும் பிஜிஎம்ஐ போன்றவற்றிலும், ஏலோவின் முறையை அப்படியே பிரயோகிக்க இரண்டு தடைகள் இருந்தன. புதிதாக வந்தவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது, ஆனால் அவரையும் இலட்சம் பேரோடு உடனே ஆடவிட வேண்டும் என்பது ஒன்று. வெற்றி குழுவுக்குக் கிடைக்கிறது, அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது தெரியாது என்பது மற்றொன்று.

முதல் தடையை நீக்கியவர் மார்க் கிளிக்மன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர். 1995-ல் அவர் வகுத்த கிளிக்கோ முறையில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு எண்கள்: ஒன்று திறமையின் மதிப்பீடு, மற்றது அந்த மதிப்பீட்டில் நமக்குள்ள சந்தேகத்தின் அளவு. அடிக்கடி ஆடுபவரிடம் சந்தேகம் சுருங்கும். நெடுநாள் ஆடாதவரிடம் விரியும். சந்தேகம் பெரிதாயிருக்கும்வரை எண் தாவித் தாவி நகரும்; சிறிதானபின் தளர்நடை போடும். இதன் இரண்டாம் வடிவத்தையே லிசெஸ் என்னும் இலவசச் சதுரங்கத் தளம் பயன்படுத்துகிறது. கவுன்ட்டர்-ஸ்டிரைக்கின் தரவரிசையும் அதை அடிப்படையாகக் கொண்டே தொடங்கியது. ஒரே பிள்ளை மாலையில் சதுரங்கமும் இரவில் துப்பாக்கியுமாக ஆடினாலும், அவனை அளக்கும் கணிதம் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

இரண்டாம் தடைக்கு விடை கண்டவர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹெர்பிரிக், மின்கா, கிராபெல் ஆகியோர். எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்களுக்காக அவர்கள் வகுத்த ட்ரூஸ்கில் முறையில், குழுவின் வலிமை அதன் உறுப்பினர்களின் வலிமைகளுடைய கூட்டுத்தொகை என்று கொள்ளப்படுகிறது. குழு வென்றால் அந்தச் செய்தி உறுப்பினர்களுக்குள் பங்கிடப்படுகிறது. யாரைப் பற்றிச் சந்தேகம் அதிகமோ அவருடைய எண் அதிகமாக நகர்கிறது. புதியவரின் மதிப்பீடு 25, சந்தேகம் அதில் மூன்றில் ஒரு பங்கு. மதிப்பீட்டிலிருந்து சந்தேகத்தின் மும்மடங்கைக் கழித்த பிறகே வெளியே காட்டும் எண் கிடைப்பதால், எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்கி மேலேறுகிறார்கள். திறமை மாறாவிட்டாலும், நம்முடைய அறியாமை குறைவதாலேயே எண் ஏறும் என்பது இதிலுள்ள நுட்பம். ஒருவரின் திறமையை அறிய ஒற்றைக்கு ஒற்றையாக ஆடினால் பன்னிரண்டு ஆட்டங்களாவது தேவை என்றும், நால்வர் நால்வராக ஆடினால் நாற்பத்தாறு தேவை என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். ஒரு சனிக்கிழமை இரவில் தொடர்ந்து தோற்றுவிட்டு, தன் கூட்டாளிகள் உதவாக்கரைகள் என்றோ தானே உதவாக்கரை என்றோ முடிவுக்கு வரும் கல்லூரி மாணவனுக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ஆனால் சதுரங்கத்துக்கும் துப்பாக்கி ஆட்டங்களுக்கும் உள்ள பெரிய வேற்றுமை கணிதத்தில் இல்லை. எண்ணை எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் நடக்கும் சதுரங்கப் பந்தயத்தில் முதல் சுற்றில் வலியவருக்கு எளியவர் எதிரியாக அமைவார். இருவரும் அதை அறிந்தே உட்காருகிறார்கள். துப்பாக்கி ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் இரு குழுக்களும் சமமாக இருக்கும்படி இயந்திரமே ஆட்களைப் பொறுக்கிச் சேர்க்கிறது. அது செம்மையாக வேலை செய்தால் மேதையும் சாமானியனும் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். எவ்வளவு ஆடினாலும் அதே இடத்தில் சிக்கிக்கொண்டோம் என்று இளைஞர்கள் குமுறுவது, முறை பழுதானதால் அன்று. அது சரியாக நடப்பதால்தான். இந்த உண்மை வியாபாரத்துக்கு உகந்ததன்று. பாதி தோற்பவர் மறுநாளும் வர வேண்டுமே! ஆகவே உண்மையான எண் மறைக்கப்பட்டு, அதன்மேல் ஓர் அலங்காரப் படிக்கட்டு கட்டப்படுகிறது.

2020 ஜூனில் ரயட் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட வாலரண்டில் இது தெளிவாகத் தெரியும். இரும்பில் தொடங்கி, வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம், அசென்டன்ட், இம்மார்ட்டல் என்று ஏறி, ரேடியன்டில் முடியும் படிகள். ரேடியன்ட் தவிர ஒவ்வொன்றிலும் மூன்று உட்பிரிவுகள். இம்மார்ட்டலுக்குக் கீழே நூறு புள்ளி சேர்ந்தால் அடுத்த பிரிவு. இவை கண்ணுக்குத் தெரிபவை. எதிரிகளைத் தேர்ந்தெடுப்பதோ எம்எம்ஆர் என்று அழைக்கப்படும் வேறோர் எண். அது ஆட்டக்காரருக்குக் காட்டப்படுவதில்லை. மறைந்த எண் படியைவிட உயர்வாயிருந்தால் வெற்றிக்குப் புள்ளிகள் மிகுதியாகவும் தோல்விக்குக் குறைவாகவும் கிடைக்கும். தாழ்வாயிருந்தால் மாறாக நடக்கும். ஒரே குழுவில் ஒரே ஆட்டத்தை வென்ற இரு நண்பர்களில் ஒருவருக்கு அதிகமும் மற்றவருக்குக் குறைவும் கிடைப்பதன் காரணங்களில் பிரதானமானது இதுவே. அவர்களோ அதை அநீதி என்று எண்ணிக் குழம்புகிறார்கள். பருவந்தோறும் படிகளைக் கீழிறக்கி மறுபடியும் ஏறச் சொல்லும் வழக்கத்துக்கு, திறமையை அளப்பதில் எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. ஒரு பருவம் முடிந்ததால் ஒருவருடைய கை குறிபார்க்க மறந்துவிடுவதில்லை.

அளவை மாற்றினால் ஆட்டமும் மாறும் என்பதற்கு பிஜிஎம்ஐ நல்ல உதாரணம். அங்கே நெடுநேரம் உயிரோடிருப்பதற்கும் புள்ளி உண்டு என்பதால், படியேறுவதே குறியாக, 'ரேங்க் புஷ்' செய்யப் புறப்படும் குழு சண்டையைத் தவிர்த்து, ஏதோ ஒரு வீட்டுக்குள் பதுங்கி, ஆடுகளத்தின் வட்டம் சுருங்கும்வரை காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது; முதல் ஐந்நூறு பேருக்குரிய கான்கரர் பட்டத்தைத் துரத்துபவர்களில் பலர் துப்பாக்கியைவிடப் பொறுமையை நம்பியவர்கள். சதுரங்கத்திலும் இந்த நோய் உண்டு. ரேட்டிங்கைக் காப்பாற்றப் பந்தயங்களைத் தவிர்க்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் நடக்கும் 1600-க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான ரொக்கப் பரிசுப் பந்தயங்களில் நுழைவதற்காக, வேண்டுமென்றே தோற்று எண்ணைத் தாழ்த்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களுடைய இணைய உடன்பிறப்பு, புதிய கணக்கு தொடங்கி எளியவர்களை வேட்டையாடும் ஸ்மர்ஃப்.

இவை தவிர, துப்பாக்கி ஆட்டத்தின் எண் மனிதனை மட்டும் அளப்பதில்லை. மும்பையில் சர்வர் வரும்வரை சென்னை ஆட்டக்காரர்களில் பலர் சிங்கப்பூர் சர்வரில் ஆடினார்கள். அவர்களுடைய ஒவ்வொரு தோட்டாவும் வங்கக் கடலடியில் கிடக்கும் கம்பி வழியே போய் வர வேண்டியிருந்தது. எதிரி சிங்கப்பூரிலேயே இருந்தால் அவன் முந்திக்கொள்வான். பழைய கைப்பேசி, அடிக்கடி அறுபடும் இணைப்பு, தம்பியோடு பங்கிட வேண்டிய கணினி ஆகிய எல்லாம் எண்ணுக்குள் புகுந்து திறமையின் வேஷம் தரித்துக்கொள்கின்றன. சதுரங்கப் பலகையின் முன் பெசன்ட் நகர் வீட்டுப் பிள்ளைக்கும் வியாசர்பாடிப் பிள்ளைக்கும் காய்கள் ஒன்றே, கடிகாரம் ஒன்றே. பயிற்சிக்கான வசதி வேறுபடலாம். அளக்கும் வேளையில் வேற்றுமை இல்லை.

எண் யாருக்குச் சொந்தம் என்பது கடைசிக் கேள்வி. ஃபிடேயின் பதிவெண் ஆட்டக்காரரோடு வாழ்நாள் முழுதும் வருகிறது. அவர் ஆடிய ஒவ்வொரு பந்தயத்திலும் எத்தனை புள்ளி ஏறியது, எந்தக் குணகத்தால் என்பதை அவர் மட்டுமன்றி எவரும் பார்க்கலாம். துப்பாக்கி ஆட்டத்தின் எண் நிறுவனத்தின் உடைமை. 2022 டிசம்பரில் இந்திய அரசு இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்னணு விளையாட்டுப் போட்டிகளை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸை அவற்றிலிருந்து பிரித்து அங்கீகரித்தது. விளையாட்டு என்று அங்கீகரித்தபின், அதன் அளவுகோலைத் திறந்து காட்டும்படி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது என்பது என் துணிபு. மறைத்து வைத்த எண்ணையும் அதன் சந்தேக அளவையும், ஆட்டம் தொடங்குமுன் இயந்திரம் கணித்த வெற்றி வாய்ப்பையும் ஆட்டக்காரருக்குக் காட்டினாலே போதும். தான் தோற்றது எதிர்பார்க்கப்பட்டதா அல்லவா என்று ஒரு மாணவன் அறிந்துகொள்வான், தன்னை நொந்துகொள்வதற்கும் நண்பனை வைவதற்கும் உள்ள காரணங்களில் பாதி அங்கேயே அற்றுப்போகும்.

2022 ஜூலை 28-ஆம் தேதி மாலை, சென்னை ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் நாற்பத்து நான்காவது சதுரங்க ஒலிம்பியாட் தொடங்கிவைக்கப்பட்டது. அதே நாளில், அரசாங்கத்தின் உத்தரவின் பேரில், பிஜிஎம்ஐ கைப்பேசிச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. ஒலிம்பியாட் ஆட்டங்கள் நடந்த மாமல்லபுரத்தில் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்ற பதினாறு வயது குகேஷ், முதற் பலகையில் தங்கப் பதக்கம் பெற்றார். அவர் ஈட்டிய புள்ளிகள் கணக்கிடப்பட்டு, செப்டம்பர் பட்டியலில் அவருடைய எண் 2726 என்று வெளியாயிற்று. கான்கரர் படியை நோக்கி அந்தப் பருவத்தில் இரவு பகலாக ஏறிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் ஆட்டம் மீண்டும் செயலிக் கடைக்கு வர 2023 மே மாதம்வரை காத்திருக்க நேர்ந்தது.